நட்பு நாடுகளும் பேப்பர் தட்டுகளும்

என்னுடைய ராணுவ அனுபவம் மொத்தம் ஒரு கல்வியாண்டு. சனிக்கிழமை காலையில் காக்கி மாட்டிக்கொண்டு கல்லூரி மைதானத்தைச் சுற்றி வந்தால் முடிவில் பூரியும் கிழங்கும் கொடுப்பார்கள். பூரி சின்னதாக ஆரம்பித்தபோது நான் படையிலிருந்து விலகினேன். இந்தத் தகுதியோடுதான் சென்ற ஆண்டு, ஒரு நாட்டின் பாதுகாப்புக் கொள்கை எழுதப்பட்ட அறையில் உட்கார்ந்திருந்தேன்.

அறை, கடல் தாண்டி நான் பிழைக்க வந்த பிளானோ என்ற வெளிநாட்டு ஊரில், லெகசி என்கிற பகுதியில், வெயிலைத் திருப்பி அடிக்கும் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில். எங்கள் நிறுவனம் சிறியது. பெரிய கம்பெனிகளுக்கும் சின்ன அரசாங்கங்களுக்கும் திட்டமிடக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லிக்கொள்ளும். என் வேலை, வந்தவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அவர்களே கையெழுத்துப் போடும்படியாக எழுதித் தருவது. விசிட்டிங் கார்டில் பிசினஸ் அனலிஸ்ட் என்று இருக்கும். என் மாமனார் இன்றுவரை அதைக் கம்ப்யூட்டர் வேலை என்றுதான் வெளியே சொல்கிறார், நானும் திருத்தவில்லை. அதற்கு முந்தைய மாதம்வரை நான் ஒரு ஷாம்பு கிடங்குக்குத் திட்டம் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் டைரக்டரைப் பொறுத்தவரை கிடங்குக்கும் தேசத்துக்கும் ஒரே வித்தியாசம்தான். தேசத்துக்குக் கொடி உண்டு, அதை முதல் ஸ்லைடில் போட வேண்டும்.

நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கடலுக்கு நடுவில் சில தீவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை நேரத்தில் எங்கள் ஊர் டோல்வேயில், அதாவது சுங்கச்சாலையில், ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டால் பின்னால் எத்தனை பேர் மாட்டிக்கொள்வார்களோ, கிட்டத்தட்ட அதுதான் அவர்களுடைய மக்கள்தொகை. வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பாதுகாப்பு அமைச்சகத்தின் செயலாளர், ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, கண்ணாடியைக் கழுத்தில் சங்கிலியோடு தொங்கவிட்டிருந்தார். இன்னொருவர் அந்த நாட்டுப் படையின் கமாண்டர். ஆறடிக்கு மேல் உயரம், ஆறு வார்த்தைக்குக் கீழே பேச்சு. அமைச்சகத்தில் மற்றவர்கள் ஒரு டிரைவரும் ஒரு கிளார்க்கும்தானாம்.

"நாங்கள் இரண்டு பேரும் ஒரே விமானத்தில் வந்திருக்கக் கூடாது. அதுவே பெரிய பாதுகாப்புக் குறைபாடு" என்றுதான் அந்த அம்மாள் பேச்சை ஆரம்பித்தார். டைரக்டர் அதைக் குறித்துக்கொண்டார். அது ஜோக் என்று அவருக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதல் நாள் காபி இடைவேளையிலேயே அவருடைய நிலைமையைச் சொல்லிவிட்டார். இதற்கு முன் இரண்டு முறை வெளிநாட்டு நிபுணர்கள் வந்து அவர்களுக்குக் கொள்கை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் கனமான புத்தகங்கள். ஒன்று அவர் அறையில் ஜன்னல் ஏசி ஆடாமல் இருக்க முட்டுக்கொடுக்கப் பயன்படுகிறது. இன்னொன்று எங்கே என்று தெரியவில்லை, அதுவும் எங்கேயோ எதையோ தாங்கிக்கொண்டுதான் இருக்கும் என்றார். இந்த முறை ஊர் திரும்பியதும் அமைச்சரவையில் ஒரு திட்டத்தை வைக்க வேண்டும். அதுவும் வெறும் ஆசைப்பட்டியலாக இருந்தால் அமைச்சகத்தையே கலைத்து மீன்வளத் துறையின் கீழே ஒரு மேசையாகப் போட்டுவிடுவேன் என்று நிதியமைச்சர் சொல்லியிருக்கிறார். நிதியமைச்சர் அவருடைய அக்கா வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான். "பெரிய நாட்டில் அரசியல் எதிரியை வெளியே தேடலாம். எங்களுக்கு அவரிடமே குழம்பை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்ல வேண்டும்."

வேலையை ஆரம்பித்தோம். இந்தத் தொழிலில் நாடு காப்பது மஞ்சள் நிற ஒட்டுத்தாளில் தொடங்கும். என்னென்ன ஆபத்து வரலாம் என்று ஒவ்வொரு தாளிலும் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். வர வாய்ப்பு அதிகமுள்ளது மேலே, வந்தால் அதிகம் வலிப்பது வலது பக்கம். நான் முதல் தாளில் 'படையெடுப்பு' என்று எழுதி உச்சியில் ஒட்டினேன். பூரிக்காக அணிவகுத்தவனுக்கு வேறென்ன தோன்றும். அந்த அம்மாள் எழுந்து வந்து அதை உரித்து, குனிந்து, சுவரின் அடியில், பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார். அப்படி ஒருவன் வந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிந்துவிடும், அதற்கு ஆயுதம் வாங்கிக் கட்டுப்படியாகாது, நல்ல நண்பர்களும் உலகச் சட்டமும்தான் துணை என்று விளக்கினார்.

உச்சிக்குப் போனவை வேறு. ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு வந்து மீனை அள்ளிக்கொண்டு போகும் வெளிநாட்டு இழுவைக் கப்பல்கள். புயல். கடலுக்கடியில் கிடக்கும் ஒரே இன்டர்நெட் கேபிள். எங்கேயோ உட்கார்ந்துகொண்டு ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் யாரோ ஒருவன். சின்ன நாட்டின் பாதுகாப்பு என்பதில் பாதி மீன், பாதி வானிலை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு கமாண்டர் தன் லேப்டாப்பில் ஒரு படம் காட்டினார். ஒரு சிறிய துறை, அதன் பலகையோரம் கட்டிக்கிடக்கும் இரண்டு ரோந்துப் படகுகள், இரண்டின் மேலும் வரிசையாகக் கடற்பறவைகள். இரண்டும் அன்பளிப்பு. ஒன்று ஒரு நட்பு நாடு கொடுத்தது. மற்றது, அந்த நாட்டோடு முகம் கொடுத்துப் பேசாத இன்னொரு நட்பு நாடு கொடுத்தது. ஒன்றின் போல்ட் மற்றதில் ஏறாது. கையேடுகள் இரண்டு மொழிகளில், இரண்டுமே கமாண்டருக்குத் தெரியாதவை. இரண்டுக்கும் பேண்டு வாசித்து விழா எடுத்திருக்கிறார்கள். விழா முடிந்து சில மாதங்களில் முதலில் ஒன்று, பிறகு மற்றது என்று நின்றுபோயின. கமாண்டரின் தீர்வு, மூன்றாவதாக ஒரு படகு. பெரியதாக.

அந்த வாரம் முழுக்க நான் என் வேலையைச் சிறப்பாகச் செய்தேன். 'தேவைகள்' என்று தலைப்புப் போட்ட ஒரு கட்டம் எங்கள் டெம்ப்ளேட்டில் உண்டு. அது நிரம்பி வழிந்தது. பெரிய படகு, ரேடார், டிரோன், சிறிய விமானம், அந்த விமானத்துக்கு ஒரு ஓடுதளம். டைரக்டர் அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகத்தில் அடுத்த ஒப்பந்தம் தெரிந்தது. வெள்ளிக்கிழமை மாலை அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை மேலிருந்து கீழ்வரை படித்தார். என் மகளின் காலேஜ் விண்ணப்பக் கட்டுரையை நான் மெருகேற்றிக் கொடுத்தபோது அவள் அதைப் படித்த அதே முகம். "இதைக் கொண்டுபோனால் அக்கா வீட்டுக்காரர் படிக்கவே மாட்டார். எடை பார்ப்பார்" என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமை கடைசி அமர்வு, செவ்வாய்க்கிழமை அவர்களுக்கு விமானம்.

நடுவில் சனிக்கிழமை. வீடு வைத்திருக்கும் தமிழன் விருந்தாளியை ஓட்டலில் சாலட் தின்ன விடமாட்டான். வாய் முந்திக்கொண்டு கூப்பிட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி, ஒரு ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட், பாதி நறுக்கிய வெங்காயத்தோடு நிமிர்ந்தாள்.

"சனிக்கிழமை நம்ம வீட்ல பாட்லக், ஞாபகம் இருக்கா? ஒரு நாட்டோட கவர்மென்ட்டைப் பாட்லக்குக்கா கூப்பிட்டீங்க?"

கவர்மென்ட்டில் பாதி டிரைவரும் கிளார்க்கும்தான், அவர்கள் வரவில்லை என்று சமாதானம் சொன்னேன். மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்பா, இஸ் திஸ் ஈவன் லீகல்?" என்றாள்.

பாட்லக் என்றால் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் விருந்து. எங்கள் வட்டத்துப் பாட்லக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குரூப்பில் நாளும் நேரமும் போட்டால், எல்லோரும் 'நாங்க ஏதாவது கொண்டுவரோம்' என்று பதில் போடுவார்கள். என்ன என்று யாரும் சொல்லமாட்டார்கள். கேட்பது மரியாதை இல்லை, கேட்டால் கணக்குப் பார்ப்பதுபோல ஆகிவிடும். தட்டு, ஸ்பூன் கொண்டுவருகிறேன் என்று மட்டும் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அது சமைக்கத் தெரியாதவர்களின் வேலை. பல வருஷம் முன்பு ஒரு பையன், அப்போது பேச்சிலர், வெகுளியாகத் தட்டு கொண்டுவந்தான். இன்று அவனுக்கு இரண்டு குழந்தைகள், பெரிய வீடு, அவன் மனைவி வைக்கும் மீன் குழம்புக்கு ஊரே அடிமை. ஆனாலும் பேச்சில் வந்தால் அவன் பிளேட்டுக்காரன்தான்.

இந்த முறை வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று குரூப்பில் சொல்லியிருந்தோம். எல்லோரும் அக்கறையோடு யோசித்திருக்கிறார்கள். தனித்தனியாக. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே தர்க்கம் ஓடியிருக்கிறது. பாவம், வெளிநாட்டுக்காரர்கள், காரம் ஆகாது.

முதல் குடும்பம் பெரிய அலுமினிய ட்ரேயில் தயிர் சாதத்தோடு வந்தது. இரண்டாவது குடும்பம் தயிர் சாதத்தோடு வந்தது, மேலே மாதுளை. மூன்றாவது வந்தபோது என் மனைவி ட்ரேயின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அதில் திராட்சை போட்டிருந்தார்கள். பிளேட்டுக்காரன் மனைவிகூட மீன் குழம்பை விட்டுவிட்டுத் தயிர் சாதம்தான் செய்திருந்தாள், முந்திரி வறுத்துப்போட்டு. கடைசியாக வந்த நண்பர் சமையலறை மேடையைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, ஊரே ஃபாஸ்டிங்கா?" என்று கேட்டுக்கொண்டே, தன் ட்ரேயையும் வரிசையில் வைத்தார். அதுவும் அதே. ஊறுகாய் இல்லை. தண்ணீர் பாட்டில் இல்லை, ஐஸ் இல்லை. தட்டு இல்லை. அத்தனை ட்ரேக்கும் சேர்த்துக் கரண்டி ஒன்று.

விருந்தாளிகள் அப்போதுதான் உள்ளே வந்தார்கள். கமாண்டர் மேடையை முழுவதுமாக ஒரு தடவை பார்வையிட்டார், அணிவகுப்பைப் பார்ப்பதுபோல. பிறகு குனிந்து என் காதில், மிளகாய் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். அவர்கள் தீவில் குழந்தைகளே மிளகாயைக் கடித்துக்கொண்டு விளையாடுமாம்.

செயலாளர் அம்மாள் மட்டும் மேடை முன்னாலேயே நின்றுவிட்டார். மாதுளையிலிருந்து திராட்சைக்கும், திராட்சையிலிருந்து முந்திரிக்கும் பார்வை போனது. தட்டு இருக்கும் இடத்தைத் தேடியது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலி இழுத்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். எங்கள் நண்பர்கள் கொஞ்சம் புண்பட்டு, கொஞ்சம் பெருமைப்பட்டு நின்றார்கள்.

"மன்னிக்க வேண்டும், இந்த மேடையை எனக்குத் தெரியும்" என்றார். "எங்களுக்கு உதவும் நாடுகள் கூடும் கூட்டம் வருஷா வருஷம் இப்படித்தான் முடியும்."

என் மனைவிக்கு அப்போது உலக அரசியல் கேட்கப் பொழுதில்லை. என்னைப் பார்த்து, "பிளேட், ஸ்பூன், ஐஸ், தண்ணி, மாவடு. வேற எதையும் பாக்காம வாங்க" என்று உத்தரவிட்டாள். ஸ்டிரிப் மால் என்கிற கடை வரிசையில் இருக்கும் நம்மூர்க் கடைக்குப் போய், வேறு எதையும் பார்க்காமல், முறுக்கு ஒரு பாக்கெட்டை மட்டும் பார்த்துவிட்டு, திரும்பி வந்தேன். அதற்குள் அவள் டப்பாவிலிருந்து மோர் மிளகாய் எடுத்துப் பொரித்திருந்தாள். கமாண்டர் அதை அப்பளம் மாதிரி நொறுக்கிக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற நண்பர்கள் ஒவ்வொரு மிளகாய்க்கும் இருமினார்கள், அவர் இருமவில்லை. சந்தித்த நாளிலிருந்து அவர் இவ்வளவு ஆர்வமாகப் பேசியது அப்போதுதான். இது எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

சமையலறையில் அந்த அம்மாள் என் மனைவியை விசாரித்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை இன்னார் இன்னது கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிடுவீர்களா என்று கேட்டார். பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது, ஆனால் என் மனைவி எந்த மொழியில் பேசினாலும் மயிலாப்பூர்தான்.

"சொல்லமாட்டேன். சொன்னா கோச்சுக்குவாங்க. ஆசையா கொண்டுவராங்க, அது எதுவா இருந்தாலும் வரட்டும். எது ஒருத்தர் கையிலயும் வராதோ அதை மட்டும் நான் வாங்கி வெச்சிடுவேன். இன்னிக்கு வெக்காதது என் தப்பு."

அந்த அம்மாள் கையிலிருந்த தயிர் சாதத் தட்டை மேடையில் வைத்தார். பிறகு என்னிடம் பேனா இருக்கிறதா என்று கேட்டார். காகிதம் வேண்டுமா என்றேன். புதிதாக வாங்கி வந்த பேப்பர் தட்டுக் கட்டிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை அவர் அறைக்குள் வந்ததும் என் 'தேவைகள்' கட்டத்தைத் திரையிலிருந்து எடுக்கச் சொன்னார். காலியான கட்டத்துக்கு, அந்தப் பேப்பர் தட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தபடி, 'யாரும் தராதவை' என்று புதுத் தலைப்பு. டைரக்டர் இருமினார். கமாண்டருக்குக் கோபம் வந்தது. தன் படகு போகிறது என்று புரிந்துவிட்டது. எழுந்து ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"கமாண்டர், இரண்டு படகும் கடைசியாக எப்போது சேர்ந்து கடலுக்குப் போயின?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

கீழே பார்க்கிங்கில் வெயில் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்தபடியே, எதெது இல்லாமல் படகுகள் நிற்கின்றன என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். டீசல். முதல் படகுக்கு ஒரு பம்ப். இரண்டாவது படகுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு ரப்பர் வளையம். நல்ல மெக்கானிக் ஒருவன் இருந்தான், சுற்றுலாக் கப்பலில் அதிகச் சம்பளம் தருகிறார்கள் என்று போய்விட்டான். ராத்திரியில் ரேடியோ அறையில் உட்கார ஆள். கையேட்டை மொழிபெயர்க்க ஒருவர். நான் வேகமாக டைப் அடித்தேன். என் வாழ்நாளில் எழுதியவற்றில் மிகவும் அற்பமான சாமான்களின் வரிசை அதுதான், ஷாம்பு மூடிகளையும் சேர்த்து. எந்த நட்பு நாடும் இதைத் தராது. தூதர்கள் ரப்பர் வளையத்துக்கு ரிப்பன் வெட்ட மாட்டார்கள். ஆகவே நாட்டின் சொந்தப் பணம் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். படகு, ரேடார், டிரோன் எல்லாம் யாராவது ஆசையாகக் கொண்டுவரட்டும்.

அதற்குப் பிறகு வேலை தானாக ஓடியது. கடலைப் பார்க்கக் கண் வேண்டும் என்றால் ரேடார்தான் வேண்டுமா என்று அந்த அம்மாள் கேட்டார். ராத்திரி முழுக்கக் கடலில் இருப்பவர்கள் மீனவர்கள். இழுவைக் கப்பலை முதலில் பார்ப்பவர்களும் அவர்கள்தான், சொல்வதற்குத்தான் வழி இல்லை. அவர்களுக்கு ரேடியோ கொடுத்து, மறுமுனையில் கேட்க ஒரு ஆளையும் உட்கார வைத்தால், தீவுகளைச் சுற்றிக் கண்கள் முளைத்துவிடும். புயல் செய்தியும் அதே ரேடியோவில் போகும். ஒரே செலவில் சுவரின் உச்சியிலிருந்த இரண்டு தாள்களுக்கு வழி கிடைத்தது. கமாண்டர் நாற்காலிக்குத் திரும்பி வந்து, மீனவர் சங்கத் தலைவர் தன் மச்சான்தான் என்றார். சின்ன நாட்டில் அது பலவீனம் மட்டுமல்ல என்பதைக் குறித்துக்கொண்டேன்.

இந்த ஆவணத்தில் என் சொந்தப் பங்கு ஒரு பத்தி. மூன்றாவது ஒரு நாடு, எதிலும் பொருந்தாத மூன்றாவது படகைக் கொடுக்க வந்தால் என்ன சொல்வது? வேண்டாம் என்றால் நட்பு போகும். சரி என்றால் பறவைகளுக்கு இன்னொரு பெஞ்சு. இந்தக் கலையில் எனக்கு ஆழ்ந்த பயிற்சி உண்டு. கல்யாணப் பந்தியில் இலை மேல் கை வைத்து மறைக்காமல், போதும் என்று சொல்லாமல், பரிமாறுகிறவர் மனமும் நோகாமல், இரண்டாவது ஜாங்கிரி விழாமல் தடுப்பவன் நான். எழுதினேன்: எல்லா அன்பளிப்பையும் அரசு மகிழ்ச்சியோடு வரவேற்கிறது, இருக்கும் எந்திரங்களோடு அது எப்படிப் பொருந்தும், யார் பராமரிப்பார் என்பதைக் கொடுப்பவரோடு உட்கார்ந்து பேசிய பிறகு, ஏற்கும் நாளை அறிவிக்கும். அந்த அம்மாள் இரண்டு தரம் படித்தார். இதில் எங்கேயும் மாட்டேன் என்ற சொல் இல்லையே என்றார். இல்லை என்றேன், பணிவாக.

டைரக்டருக்கு மட்டும் வருத்தம். இரண்டாம் கட்ட வேலை எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டார். இரண்டாம் கட்டம் அந்த மெக்கானிக்கைத் திருப்பிக் கூட்டிவருவது, அதை நானே பார்த்துக்கொள்கிறேன், அவன் அம்மா எனக்குத் தெரிந்தவர் என்றார் அந்த அம்மாள்.

மாலையில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இது ஏசிக்கு முட்டுக்கொடுக்க உதவாது" என்று திருப்தியோடு சொல்லிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். கமாண்டரின் பெட்டியில் மோர் மிளகாய் போனது, என் மனைவியின் சேமிப்பு மொத்தமும்.

சில வாரங்களில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அக்கா வீட்டுக்காரர் கடைசிப் பக்கம்வரை படித்தாராம், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையிலேயே. டீசலுக்கு மட்டும் பேரம் பேசினார். அமைச்சரவை ஒப்புக்கொண்டது. அமைச்சகம் கலையவில்லை. மீன்வளத் துறையோடு பொதுவாக வைத்த ரேடியோ அறைக்கு மட்டும் இரண்டு துறையும் சேர்ந்து வாடகை கொடுக்கின்றன.

அதற்குப் பிறகு வெகு நாள் பேச்சில்லை. போன மாதம் திடீரென்று ஒரு போட்டோ வந்தது. அன்று கமாண்டர் காட்டிய அதே துறை, அதே பலகை, அதே பறவைகள். உட்கார ஒன்றும் கிடைக்காமல் பலகையின் ஓரத்தில் நெருக்கியடித்து நின்றுகொண்டிருந்தன. வேறு எதுவும் படத்தில் இல்லை. படகுகளைக் காணோம். யாராவது திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்களா, மூழ்கிவிட்டனவா.

படகுகள் எங்கே என்று கேட்டு அனுப்பினேன்.

கடலில், என்று பதில் வந்தது.